காத்திருந்த காதுகள்

1996-இல் என் கைக்கு வந்த அந்த கேசட் அசல் கேசட் இல்லை. நண்பனின் அண்ணன் இங்கிலாந்தில் இருந்து கொண்டுவந்த சிடியைத் தொண்ணூறு நிமிட டிடிகே கேசட்டில் பதிவுசெய்து கொடுத்தது. அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் 'ஸ்டோன் ரோசஸ் – 2' என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து டேப் ரெக்கார்டரில் போட்டால் பாட்டே வரவில்லை. தண்ணீர் ஓடுகிறது. பூச்சிகள் கத்துகின்றன. எங்கோ தூரத்தில் முரசு மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது. ஒரு கிதார் முனகிவிட்டு அடங்கிப்போகிறது. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் இப்படியே. பதிவு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் கேசட்டை வெளியே எடுத்தேன். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டேன். அதே தண்ணீர், அதே பூச்சி. நாலரை நிமிடம் போன பிறகு டிரம்ஸ் வந்து விழுந்தது பாருங்கள், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பாட்டு 'பிரேக்கிங் இன்டு ஹெவன்'. மொத்தம் பதினோரு நிமிடத்துக்கு மேல். மான்செஸ்டர் நகரத்து இசைக்குழுவான ஸ்டோன் ரோசஸின் இரண்டாவது ஆல்பமான 'செகண்ட் கமிங்'கின் முதல் பாட்டு. 1994 டிசம்பர் 5-ஆம் தேதி அந்த ஆல்பம் இங்கிலாந்துக் கடைகளுக்கு வந்தபோது, அதை வாங்கிப்போன ஆயிரக்கணக்கானவர்களும் என்னைப் போலத்தான் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார்கள். எனக்கும் அவர்களுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். நான் காத்திருந்தது நாலரை நிமிடம். அவர்கள் அதற்கு முன்பே ஐந்தரை ஆண்டுகள் காத்திருந்தவர்கள்.

இந்த ஆல்பத்தைப் பற்றி இத்தனை ஆண்டுகளாக நடக்கும் சண்டைக்கெல்லாம் வேர் அந்த ஐந்தரை ஆண்டில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

எங்கள் கூட்டத்திலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. கேசட் பதிவுசெய்து கொடுத்த அண்ணன் 1989-இல் படிக்கப்போனவர். முதல் ஆல்பம் வந்த வருடம் அங்கே இருந்தவர். பெரம்பூரில் அவர் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து, "இந்த சிடியை நான் நாலு தடவைகூட முழுசா கேட்டதில்லடா. நீயே வச்சுக்க" என்றார். அவர் தம்பி, என் நண்பன், அப்போதுதான் கிதார் கற்றுக்கொண்டிருந்தான். அவனுக்கு இதைவிட உசத்தியான ஆல்பம் உலகத்தில் கிடையாது. 'லவ் ஸ்ப்ரெட்ஸ்' பாட்டின் கிதார் முகப்பை வாசித்து வாசித்து விரல் நுனி கன்றிப்போயிருந்தது. "அண்ணே, உங்களுக்கு வயசாயிடுச்சு" என்பான். "டேய், முதல் ஆல்பத்தைக் கேட்டுட்டு வந்து பேசு" என்பார் அவர். நான் நடுவில். முதல் ஆல்பத்தைக் கேட்காமலே இரண்டாவதை முதலில் கேட்டவன். எனக்கு எதன்மீதும் எதிர்பார்ப்பு இல்லை. ஒரு ராக் ஆல்பமாக அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஆறு மாதம் கழித்து முதல் ஆல்பத்தைக் கேட்டேன். அண்ணனின் வலி அன்றைக்குப் புரிந்தது.

1989 மே மாதம் வந்தது அந்த முதல் ஆல்பம். ஆல்பத்தின் பெயரும் குழுவின் பெயர்தான். நாலு பேர்: பாடகர் இயன் பிரவுன், கிதார் ஜான் ஸ்குவயர், பேஸ் கிதார் மானி, டிரம்ஸ் ரெனி. ஸ்குவயரும் பிரவுனும் சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகள். சில்வர்டோன் என்ற நிறுவனம் வெளியிட்டது. தயாரிப்பாளர் ஜான் லெக்கி. வந்த வாரத்தில் பெரிய பரபரப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கோடையில் ஒருவர் சொல்லி ஒருவர் வாங்க, ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அது மான்செஸ்டரில் இளைஞர்கள் ராத்திரி முழுக்க ஹசியெண்டா கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த காலம். கிதார் கேட்பவன் ஆடமாட்டான், ஆடுகிறவன் கிதார் கேட்கமாட்டான் என்று இருந்த நிலையை ஸ்டோன் ரோசஸ் மாற்றியது. ரெனியின் தட்டு அப்படி. அடித்து நொறுக்காமல், கை தானாகச் சுழல்கிற மாதிரி வாசிப்பார். அதன்மேல் மானியின் பேஸ் ஊர்ந்து போகும். ஸ்குவயரின் கிதார் மழை விட்ட பிறகு இலையில் மின்னுகிற வெளிச்சம். பிரவுன் பெரிய குரல்வளம் உள்ள பாடகர் இல்லை, காதருகில் கிசுகிசுப்பவர். அந்தக் கிசுகிசுப்புக்குக் கீழே ரெனி இரண்டாம் குரல் சேர்த்துப் பாடும்போது அது நிறைந்துவிடும்.

அந்த நவம்பரில் 'ஃபூல்ஸ் கோல்டு' வந்தது. பத்து நிமிடம் நிற்காமல் ஓடும் தாளம். பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் ஒரே நாளில் ஸ்டோன் ரோசஸும் அதே ஊர்க்காரர்களான ஹேப்பி மண்டேஸும் தோன்றினார்கள். மான்செஸ்டர்க்காரர்கள் இன்றைக்கும் அந்த நாளைத் தங்கள் ஊர்த் திருவிழா போலச் சொல்வார்கள். 1990 மே 27-இல் விட்னஸ் நகரத்துக்குப் பக்கத்தில், ரசாயனத் தொழிற்சாலைகளை ஒட்டிய ஸ்பைக் ஐலண்ட் என்ற திடலில் கச்சேரி. சுமார் 27,000 பேர் கூடினார்கள். காற்றடித்து ஒலி சரியாகக் கேட்கவில்லை என்று அன்றைக்கே பலர் குறைபட்டார்கள். ஆனால் அங்கே போனவர்கள், போகாதவர்கள், போனதாகச் சொல்லிக்கொண்டவர்கள் எல்லோருக்கும் அந்த நாள் ஒரு தலைமுறையின் அடையாளமாகிவிட்டது. ஜூலையில் 'ஒன் லவ்' என்ற தனிப்பாடல் வந்தது.

அதோடு சத்தம் நின்றுவிட்டது.

சில்வர்டோனோடு போட்ட ஒப்பந்தம் தங்களைக் கட்டிப்போடுகிறது என்று குழு வெளியேறப் பார்த்தது. நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போய், வேறு யாருக்கும் அவர்கள் பாட்டுப் பதிவு செய்யக்கூடாது என்று தடை வாங்கியது. புகழின் உச்சியில் இருந்த நாலு பேருக்கு ஒரு பாட்டுகூட வெளியிட முடியாத நிலை. 1991 மே மாதம் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் நியாயமற்றது, செல்லாது என்றார் நீதிபதி. இளம் கலைஞர்கள் படித்துப் பார்க்காமல் போடுகிற கையெழுத்துகளைப் பற்றிப் பேசும்போது பிரிட்டிஷ் இசைத்துறையில் இந்த வழக்கை இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். குழு பெரும் தொகைக்கு அமெரிக்காவின் கெஃபன் நிறுவனத்தோடு சேர்ந்தது.

வழக்கு தின்றது போக மீதி மூன்றரை ஆண்டுகள் எங்கே போயின? பணம் வந்தது. குடும்பங்கள் வந்தன, குழந்தைகள் பிறந்தார்கள். ஒரே ஊரில் ஒருவர் வீட்டில் ஒருவர் கிடந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் குடியேறினார்கள். குழுவின் நிர்வாகியை நீக்கினார்கள். அந்தப் பொறுப்பை ஏற்க இருந்த ஃபிலிப் ஹால் 1993 டிசம்பரில் புற்றுநோயால் இறந்துபோனார். வேல்ஸ் நாட்டில் மான்மத் ஊருக்குப் பக்கத்தில் ராக்ஃபீல்டு என்ற ஸ்டுடியோ இருக்கிறது. கிங்ஸ்லி, சார்லஸ் என்ற வார்டு சகோதரர்கள் தங்கள் மாட்டுப் பண்ணையையே ஸ்டுடியோவாக்கிய இடம். குழுக்கள் அங்கேயே தங்கிச் சாப்பிட்டுத் தூங்கிப் பாட்டுப் பதிவுசெய்யலாம். 1975-இல் குவீன் குழு 'பொஹீமியன் ராப்சடி'யின் வேலையைத் தொடங்கியது அங்கேதான். ஸ்டோன் ரோசஸும் அங்கே போய்த் தங்கினார்கள். தங்கிக்கொண்டே இருந்தார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த லெக்கி 1993-இல் விலகினார். பால் ஷ்ரோடர் வந்தார், அவரும் போனார். ஒலிப்பதிவாளராக இருந்த சைமன் டாசன்தான் கடைசியில் வேலையை முடித்துக் கொடுத்தார்.

இந்த இடத்தில் ஒரு சங்கதியைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியவில்லை. 1994 ஜனவரியில் அதே ராக்ஃபீல்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மானோ வேலி ஸ்டுடியோவுக்கு மான்செஸ்டரில் இருந்து ஒரு புதிய குழு வந்தது. பெயர் ஒயாசிஸ். ஸ்டோன் ரோசஸைப் பார்த்துத்தான் தங்களாலும் முடியும் என்று நம்பி வளர்ந்த பையன்கள். அங்கே பதிவுசெய்தது பிடிக்காமல், கார்ன்வாலுக்குப் போய் மறுபடியும் முதலிலிருந்து பதிவுசெய்தார்கள். அதுவும் சரியாக அமையாமல் இன்னொருவரை வைத்து ஒலிக்கலவையைத் திருத்தி, ஆகஸ்டு மாதமே 'டெஃபினட்லி மேபி'யை வெளியிட்டும்விட்டார்கள். அதுவரை பிரிட்டனில் எந்த முதல் ஆல்பமும் அவ்வளவு வேகமாக விற்றதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஸ்டோன் ரோசஸ் இன்னும் முடிக்கவில்லை.

நேரம் கிடைக்காததுதான் இரண்டாவது ஆல்பத்தின் சாபம் என்று இசைக்காரர்கள் சொல்வார்கள். முதல் ஆல்பத்துக்கு இருபது வருட வாழ்க்கை மூலதனமாக இருக்கும், இரண்டாவதுக்கு ஒரு வருடம்கூடக் கிடைக்காது என்பது அவர்கள் கணக்கு. ஸ்டோன் ரோசஸுக்கு நேரம் கொட்டிக் கிடந்தது. அவர்களை முடக்கியதே அந்த நேரம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1994 நவம்பரில் 'லவ் ஸ்ப்ரெட்ஸ்' தனிப்பாடலாக வந்து பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. சிலுவையில் அறையப்பட்டவர் ஒரு கறுப்பினப் பெண் என்று பாடும் பாட்டு. இசைப் பத்திரிகைகள் பேட்டிக்குக் காத்துக்கிடக்க, குழு தன் பேட்டியைத் தெருவில் வீடற்றவர்கள் விற்கும் 'பிக் இஷ்யூ' இதழுக்குக் கொடுத்தது. அந்த முடிவை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் ஐந்து வருடம் அவர்களுக்காகப் பக்கங்களை ஒதுக்கிக் காத்திருந்த பத்திரிகைகளுக்கு அது நல்ல மனநிலையைத் தந்திருக்காது. ஆல்பத்தின் பெயர் வேறு. 'செகண்ட் கமிங்' என்றால் நம் தேவாலயங்களில் சொல்கிற இரண்டாம் வருகை. முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ஐ ஆம் த ரெசரெக்‌ஷன்', அதாவது உயிர்த்தெழுதல். இரண்டாவது, கிறிஸ்துமஸ் நெருங்கும்போது இரண்டாம் வருகை. பெயரே பெரிய சுமை.

கேட்டவர்கள் பிரிந்தார்கள். ஆல்பம் நாலாம் இடத்தில் நுழைந்தது, மேலே ஏறவில்லை. விமர்சகர்கள் பெரும்பாலும் ஒரு குறையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: இது லெட் செப்பலின் நிழல். எழுபதுகளின் கனத்த கிதார் இசை. ஆட வைத்த குழு எங்கே, இது எங்கே. 'ஃபூல்ஸ் கோல்டு'க்கு அடுத்த படியை எதிர்பார்த்தவர்களுக்கு உண்மையிலேயே ஏமாற்றம்தான். மறுபக்கம், என் நண்பனைப் போல அந்த வருடம் முதன்முதலாகக் கிதாரைத் தொட்ட பையன்களுக்கு ஸ்குவயர் தெய்வமானார். இரண்டு பக்கத்திலும் சேராமல், பாதி பாட்டை மட்டும் விரும்பி மீதியைத் தாண்டிவிடுகிறவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். ஒரே ஆளுக்குள்ளேயே இரண்டு கருத்தும் இருந்தது. காலையில் பிடிக்கும், ராத்திரியில் பிடிக்காது.

கேட்கிறவனின் காலமும் ஓடியிருந்தது என்பதை அப்போது யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 1989-இல் பத்தொன்பது வயதில் கிளப்பில் ஆடியவனுக்கு 1994-இல் இருபத்துநாலு. வேலை, வாடகை, காலையில் பிடிக்க வேண்டிய பஸ். இடையில் அமெரிக்காவிலிருந்து நிர்வாணா வந்து, கர்ட் கோபேன் இறந்தும் போயிருந்தார். பிளர், ஒயாசிஸ் என்று வேறு பெயர்கள் பேச்சில் அடிபட்டன. அவன் கடைக்குப் போய்க் கேட்டது ஒரு சிடியை அல்ல, தன் பத்தொன்பது வயதை. எந்த இசைக்குழு அதைத் திருப்பிக் கொடுக்க முடியும்? பெரம்பூர் அண்ணன் நாலு தடவைக்கு மேல் அந்த சிடியைப் போடாததற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். அவர் ஊர் திரும்பி, வேலை தேடிக்கொண்டிருந்த சமயம் அது.

அதற்காக ஆல்பத்தின் மேல் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது. அந்தக் குறையும் பாட்டிலேயே கேட்கிறது.

சிடி உறையில் பாட்டு எழுதியவர் பெயர்களைப் பாருங்கள். முதல் ஆல்பத்தில் ஸ்குவயர், பிரவுன் என்று இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும். இரண்டாவதில் பன்னிரண்டு பாட்டில் ஒன்பதுக்கு ஸ்குவயர் மட்டும். ஒன்று பிரவுன் தனியாக எழுதியது. ஒன்று இருவரும். நாலு பேரும் சேர்ந்து எழுதியது ஒன்றே ஒன்று, 'டேபிரேக்'. இசைக்குழு என்பது கூட்டுக் குடும்பம் என்றால், அடுப்பு தனித்தனியாகிவிட்ட வீடு இது. பாட்டுகளிலும் அது தெரிகிறது. 'டிரைவிங் சவுத்'தில் கிதார்மேல் கிதார், அதன்மேல் இன்னொரு கிதார் என்று அடுக்கிக்கொண்டே போகிறார் ஸ்குவயர். பிரமாதமான கைவேலை, மறுக்கவே முடியாது. ஆனால் கீழே ரெனி என்ன செய்கிறார் என்று தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. 'குட் டைம்ஸ்' தொடக்கத்தில் இசை ஒதுங்கி நின்று பிரவுனின் குரலை முன்னால் தள்ளுகிறது. முதல் ஆல்பத்தில் எதிரொலியில் மிதந்த அதே குரல் இங்கே துணையில்லாமல் நிற்கிறது. 'டியர்ஸ்' மெதுவாகத் தொடங்கிக் கனத்த கிதாருக்கு ஏறும்போது, அந்த உயரத்துக்குக் கிசுகிசுப்புக் குரலால் ஏற முடியவில்லை. அது வேறு ஒரு பாடகரை மனதில் வைத்துக் கட்டிய பாட்டு என்றே எனக்குப் படுகிறது.

இப்போது 'டேபிரேக்'கைப் போடுங்கள். முதல் வினாடியிலேயே ரெனி வந்துவிடுகிறார். அந்தச் சுழலும் தட்டு அப்படியே இருக்கிறது. மானி அதைப் பிடித்துக்கொள்கிறார். ஸ்குவயர் எதையும் அடுக்கவில்லை, பதில் மட்டும் சொல்கிறார். பிரவுன் பாதி பாட்டாகவும் பாதி பேச்சாகவும் மேலே மிதக்கிறார். ஒரே அறையில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிக்கும் நாலு பேர். 'பெக்கிங் யூ' அதற்கு நேரெதிர்: இயந்திரம் மாதிரி திரும்பத் திரும்பச் சுழலும் சத்தம், தலைக்குமேல் ஹெலிகாப்டர் நிற்பது போன்ற இரைச்சல், அதற்குள் ஒரு ஆட்டம். 'ஃபூல்ஸ் கோல்டு'க்கு அடுத்த படி எங்கே என்று கேட்டவர்களுக்கு அதோ ஏழாவது பாட்டில் பதில் இருந்தது. எத்தனை பேர் அதுவரை பொறுமையாக வந்தார்கள் என்பதுதான் வருத்தம். 'டைட்ரோப்'பில் ஸ்குவயரின் மெல்லிய கிதாரும் ரெனியின் இரண்டாம் குரலும் சேரும் இடத்தில் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது. 'டென் ஸ்டோரி லவ் சாங்' ஒரு முழுமையான காதல் பாட்டு. முதல் ஆல்பத்தில் எங்கே வைத்தாலும் பொருந்தும். இந்த நாலும் உள்ள ஆல்பத்தைத் தோல்வி என்று எழுதினவர்கள் காதால் கேட்டு எழுதினார்களா, கோபத்தால் எழுதினார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

சிடியில் இன்னொன்றும் ஒளிந்திருந்தது. பன்னிரண்டாவது பாட்டு முடிந்ததும் எடுத்துவிடாதே என்று நண்பன் சொன்னான். பிளேயரின் சிவப்பு எண்கள் 13, 14, 15 என்று சத்தமே இல்லாமல் சில வினாடிகளுக்கு ஒன்றாக ஏறிக்கொண்டு போயின. 90 வந்ததும் வயலினும் பியானோவுமாக ஒரு கோணல்மாணலான சத்தம். பழகாத கைகளில் வாத்தியத்தைக் கொடுத்து விளையாடின மாதிரி, பின்னால் சிரிப்பொலி. 'த ஃபாஸ்' என்று அதற்குப் பெயர். ராக்ஃபீல்டின் நீண்ட ராத்திரிகளில் அவர்கள் சேர்ந்து சிரித்த ஒரு பொழுது அங்கே பதிவாகியிருக்கிறது. அதைக் கேட்க 77 மௌனங்களைக் கடக்க வேண்டும்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 1995 மார்ச்சில் ரெனி வெளியேறினார். ஜூனில் கிளாஸ்டன்பரி விழாவின் சனிக்கிழமை மேடை அவர்களுக்கென்று இருந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு ஸ்குவயர் அமெரிக்காவில் சைக்கிளிலிருந்து விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். அந்த மேடையில் பல்ப் குழு ஏறி ஒரே ராத்திரியில் நாட்டுக்கே தெரிந்த பெயரானது. 1996 வசந்தத்தில் ஸ்குவயரும் போனார். ஆகஸ்டில் ரெடிங் விழாவில் மிச்சம் இருந்தவர்கள் பாடியதைப் பார்த்து ரசிகர்கள் தலைகுனிந்தார்கள். அக்டோபரில் குழு கலைந்தது. முதல் ஆல்பத்துக்கு அடுத்து ஒரே ஒரு ஆல்பம். மூன்றாவது வரவே இல்லை.

வேல்ஸில் பொறுமை இழந்து விலகின லெக்கி அடுத்து என்ன செய்தார் தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்களான ரேடியோஹெட் குழுவைப் பதிவுசெய்தார். 1995 மார்ச்சில் 'த பெண்ட்ஸ்' வந்தது. அதுவும் ஓர் இரண்டாவது ஆல்பம். முதல் ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டால் தெரியவந்தவர்கள் என்று பெயர் வாங்கியிருந்தவர்களை, உலகமே உட்கார்ந்து கேட்கிற குழுவாக்கியது அந்த ஆல்பம்தான். ரேடியோஹெட்டின் இரண்டாவது ஆல்பத்துக்கு யாரும் வாசலில் வரிசையில் நிற்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்த அந்த நிம்மதி ஸ்டோன் ரோசஸுக்குக் கிடைக்கவே இல்லை.

2011 அக்டோபரில் நாலு பேரும் ஒரே மேசையில் வரிசையாக உட்கார்ந்து, மறுபடியும் சேர்கிறோம் என்று அறிவித்தார்கள். மான்செஸ்டரின் ஹீட்டன் பூங்காவில் மூன்று நாள் கச்சேரி. 2,20,000 டிக்கெட்டுகள் 68 நிமிடத்தில் தீர்ந்தன. 2012 ஜூன் கடைசியில் அந்தத் திடலில் நின்றவர்களில் பலருக்குத் தலை நரைத்திருந்தது. சிலர் தோளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். முதல் ஆல்பத்தை ஏறக்குறைய முழுக்க வாசித்தார்கள். இரண்டாவதிலிருந்து எடுத்துக்கொண்டது இரண்டே பாட்டு: 'டென் ஸ்டோரி லவ் சாங்', 'லவ் ஸ்ப்ரெட்ஸ்'.

அந்தக் கச்சேரியின் காணொளியை நண்பன் எனக்கு அனுப்பியிருந்தான். அண்ணனுக்கும் அனுப்பியிருக்கிறான். இரண்டு நாள் கழித்து அண்ணன் போன் செய்தார். 'லவ் ஸ்ப்ரெட்ஸி'ல் ரெனி என்ன வாசிக்கிறார் என்று இப்போதுதான் கவனித்தாராம். சிடியில் அதெல்லாம் கிதாருக்கு அடியில் கிடந்ததே என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த கேசட் இன்னும் வச்சிருக்கியாடா?" என்று கேட்டார்.